அலுமினிய கியர் பாக்ஸில் இறுகிப்போன டிரெயின் பிளக்கைக் கழற்றுவது எப்படி?

கேள்வி:

வணக்கம். 1960-களில் தயாரான கார் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். அதன் கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றுவதற்காக அடியில் ஆயிலை வடிக்க உள்ள திருகு அடைப்பான டிரெயின் பிளக்கைக் கழற்ற முயன்றேன். அது சிறிதும் அசையவில்லை. கியர் பாக்ஸின் கூடு அலுமினியம், பிளக் எஃகு. எனக்கு முன் இந்தக் காரை வைத்திருந்தவர்களில் யாரோ பொருந்தாத ஸ்பேனரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பிளக்கின் அறுகோணத் தலையில் இரண்டு முனைகள் ஏற்கெனவே மழுங்கியிருக்கின்றன. துருநீக்கி எண்ணெயை இரவு முழுவதும் ஊறவிட்டும், ஸ்பேனரின் கைப்பிடியில் குழாயைச் செருகி அழுத்தியும் பயனில்லை. இதற்கு மேல் பலத்தைக் கூட்டினால் கூடே விரிசல் விட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன். தீச்சுடரால் சூடாக்கலாமா, தலையில் ஒரு நட்டை வெல்டிங் செய்யலாமா, அல்லது துளையிட்டு எடுப்பதுதான் வழியா என்பதை அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் 1:

முதலில் ஒன்றைத் தெரிவியுங்கள்: ஆயில் நிரப்பும் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டீர்களா? கியர் பாக்ஸானாலும் டிஃபரன்ஷியலானாலும் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பகுதி), நிரப்பும் பிளக் கழல்கிறது என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே கீழே உள்ள பிளக்கில் கை வைக்க வேண்டும். கீழ் பிளக்கைக் கழற்றி ஆயில் முழுவதும் வடிந்துவிட்ட பிறகு மேல் பிளக் இறுகியிருப்பது தெரிந்தால், புது ஆயிலை ஊற்ற வழியின்றி கார் நின்ற இடத்திலேயே நிற்கும். மேல் பிளக் கழன்றுவிட்டால் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அந்தத் துளை வழியாகக் குழாயை விட்டுக் கைப்பம்பால் பழைய ஆயிலில் பெரும்பகுதியை உறிஞ்சி எடுத்துவிடலாம். அப்போது கீழ் பிளக்கை அவசரமின்றி நிதானமாகக் கையாளலாம்.

அடுத்து, தலையின் இரு எதிர்ப் பக்கங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைக் காலிபரால் அளந்து பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் அங்குல அளவுத் தலைகளே உண்டு. 13/16 அங்குலம் என்பது 20.64 மி.மீ.; அதில் 21 மி.மீ. ஸ்பேனரை மாட்டினால் பொருந்துவதுபோலத் தோன்றும், ஆனால் அழுத்தம் முழுவதும் முனைகளின் மேலேயே விழும். முனைகள் பெரும்பாலும் இப்படித்தான் மழுங்குகின்றன. சரியான அளவில், பன்னிரண்டு முனையல்லாத ஆறு முனை சாக்கெட் (தலையை மூடிப் பற்றும் குழல் ஸ்பேனர்) ஒன்றை வாங்குங்கள். சாக்கெட்டின் வாய்ப்பகுதியில் உள்சரிவு இருக்கும். தலை உயரம் குறைவாக இருந்தால் அந்தச் சரிவு பிடிமானத்தைத் தின்றுவிடும். ஆகவே வாயை கிரைண்டரில் சமதளமாகத் தேய்த்துவிட்டால், மழுங்கிய தலையையும் அது அடிவரை பற்றும்.

பதில் 2:

மேற்கண்ட பதிலோடு முழுமையாக உடன்படுகிறேன். சூட்டைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 20 மி.மீ. விட்டமுள்ள பிளக்கையும் அது அமர்ந்திருக்கும் துளையையும் 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால், துளை பிளக்கைவிடச் சுமார் 0.02 மி.மீ. அதிகமாக விரியும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினாலும், மரைகளுக்கு (திருகு வரிகளுக்கு) இடையே இறுகிய அரிப்புப் பொடியின் பிடியைத் தளர்த்த அது பெரும்பாலும் போதும். எனவே சூட்டைப் பிளக்கின் மீது காட்டாமல், அதைச் சுற்றியுள்ள கூட்டின் மீது காட்ட வேண்டும். அதற்கு ஹீட் கன் (சூடான காற்றை வீசும் கருவி) போதுமானது. ஆயிலும் பெட்ரோல் குழாயும் உள்ள இடத்தில், அதுவும் காரின் அடியில் படுத்துக்கொண்டு தீச்சுடரைப் பயன்படுத்த வேண்டாம். துருநீக்கி எண்ணெயும் எளிதில் தீப்பற்றும் என்பதால், அதை நன்றாகத் துடைத்து உலரவிட்ட பிறகே சூடாக்குங்கள்.

கூடு சூடானதும், பிளக்கின் தலையில் பித்தளைக் கம்பியை வைத்து அதன் மேல் சுத்தியலால் நேராகச் சில தட்டுகள் தட்டுங்கள். பின்னர் கழற்றும் திசையில் திருப்பும் முன், இறுக்கும் திசையில் மயிரிழை அளவு அழுத்திப் பாருங்கள். அது அசைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். ஒரே மூச்சில் வெளியே இழுத்தால், பொடி மரைக்குள் சிக்கி அலுமினிய மரையையே கிழித்துவிடும். கீழிருந்து தலையைப் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்புவதே கழற்றும் திசை. மல்லாந்து படுத்திருக்கும்போது இதில் குழப்பம் வருவது இயல்பு. கார் ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கக் கூடாது, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிற்க வேண்டும்.

பதில் 3:

சூட்டுக்கும் அசையவில்லை என்றால், நட்டை வெல்டிங் செய்வதே என் தேர்வு. நட்டின் உட்புறத்தை நிரப்பி வெல்டிங் செய்யும்போது பிளக் நடுவிலிருந்து சூடாகி, ஆறும்போது சுருங்குவதால், மரையின் பிடி தளர்கிறது. புதுத் தலையும் கிடைத்துவிடுகிறது. ஆனால் ஆயிலை உறிஞ்சி எடுத்த பிறகு, பேட்டரி இணைப்பைத் துண்டித்து, அருகில் தீயணைப்பானை வைத்துக்கொண்டு, வெல்டிங்கில் பழகிய ஒருவர் செய்ய வேண்டிய வேலை இது. உளியால் தலையின் ஓரத்தில் அடித்துத் திருப்பும் வழியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். வார்ப்பு அலுமினியத்தின் விளிம்புக்கு அருகில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். துளையிடுதலைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் உலோகத் துகள்கள் கியர்களுக்குள் போனால் கியர் பாக்ஸையே பிரிக்க நேரும்.

கேட்டவரின் மறுமொழி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நிரப்பும் பிளக் எளிதாகக் கழன்றது. ஆயிலை உறிஞ்சி எடுத்தேன். வாய் தேய்த்த ஆறு முனை சாக்கெட்டும் ஹீட் கன்னும் சேர்ந்து, இறுக்கும் திசையில் அழுத்தியபோதே பிளக் அசைந்துவிட்டது. மரைகளில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. கூட்டின் மரை நல்ல நிலையில் இருக்கிறது. புதுப் பிளக்கைப் பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 2-ஐ எழுதியவர்:

மிக்க மகிழ்ச்சி. அந்தப் பொடி அலுமினியத்தின் அரிப்பு. ஈரம் படும் இடத்தில் இரு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அது மீண்டும் உருவாகும்; ஆகவே மரையில் ஆன்டி சீஸ் பசையை (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) மெல்லியதாகத் தடவுங்கள். புதுச் செப்பு வாஷர் போடுங்கள். பழையதையே போட வேண்டுமெனில் அதைச் செந்நிறமாகச் சூடாக்கி ஆறவைத்தால் மீண்டும் மென்மையாகிவிடும். பசை தடவிய மரையில் உராய்வு குறைவு என்பதால், உலர்ந்த மரைக்குக் கையேட்டில் தரப்பட்டுள்ள அளவுக்கு முழுமையாக இறுக்காமல், சற்றுக் குறைவாகவே டார்க் ரெஞ்சை (குறித்த அளவு விசையில் இறுக்கும் ஸ்பேனர்) அமைத்துக்கொள்ளுங்கள்.