காய்ந்ததும் சரிந்துவிடும் எச்ஓஎஃப் படிகம்: ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும் துளையைத் தாங்குமா?

நுண்துளை:
வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்த கரிமச் சட்டகம் (எச்ஓஎஃப்) ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். மூலக்கூறின் நடுவில் டெட்ராஃபெனில்எத்திலீன், நான்கு கைகளின் நுனியிலும் கார்பாக்சிலிக் அமிலம். டிஎம்எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு) என்ற கரைப்பானில் கரைத்து மெத்தனால் ஆவியை மெல்ல இறங்கவிட்டால் நல்ல ஊசிப் படிகங்கள் வருகின்றன. ஒற்றைப் படிக எக்ஸ்-கதிர் ஆய்வில் கனஅளவில் பாதிக்கு மேல் துளைதான். உள்ளே கிடந்த கரைப்பான் தாறுமாறாக இருந்ததால் ஸ்குவீஸ் (ஒழுங்கற்ற கரைப்பானின் பங்கைத் தரவிலிருந்து கழிக்கும் கணினி வழி) போட்டு நீக்கிவிட்டோம்.

120 டிகிரியில் இரவு முழுக்க வெற்றிடத்தில் வைத்து நைட்ரஜன் உறிஞ்சலை அளந்தால் ஒன்றுமே இல்லை. பவுடர் எக்ஸ்ஆர்டி-யில் (தூளின் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு வரைபடம்) கூர்மையான சிகரங்கள் போய் ஒரு மேடு மட்டும் நிற்கிறது. "சகப்பிணைப்போ உலோகமோ இல்லாமல் துளை நிற்காது, உலோக-கரிமச் சட்டகம் (எம்ஓஎஃப்) பக்கம் போ" என்கிறார் வழிகாட்டி. எனக்கு விட மனமில்லை. நிஜமாகவே நிற்காதா?

ஆய்வகவாசி:
சூடாக்குவதற்கு முன் எடுத்த பவுடர் எக்ஸ்ஆர்டி இருக்கிறதா? தாய்க்கரைசலின் ஈரத்தோடேயே எடுத்து, ஒற்றைப் படிகத்திலிருந்து கணக்கிட்ட வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு படிகத்தின் அமைப்பை வைத்து மொத்தக் குப்பியும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று வடிவங்கள் கலந்து வளர்வது இந்தத் துறையில் சகஜம்.

சட்டகன்:
நிற்கும். தாராளமாக நிற்கும். மாஸ்டலெர்ஸும் ஆப்பெலும் 2012-இல் டிரிப்டிசீனில் மூன்று பென்சிமிடசோலோன் வைத்துச் செய்த படிகத்தின் பரப்பு கிராமுக்கு 2796 சதுர மீட்டர். அதில் உலோகம் கிடையாது, மூலக்கூறுகளை இணைக்கும் சகப்பிணைப்பும் கிடையாது. பைரீனில் நான்கு பென்சோயிக் அமிலக் கைகள் கொண்ட பிஎஃப்சி-1 என்ற எச்ஓஎஃப் (2018) கிராமுக்கு 2122 சதுர மீட்டர் காட்டியது, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் கலையவில்லை.

ஆனால் வழிகாட்டியின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. மூலக்கூறுகளுக்கு வெற்றிடம் ஆகாது. டிரைமெசிக் அமிலத்தையே பாருங்கள்: ஹைட்ரஜன் பிணைப்பால் தேன்கூடு போல வலை பின்னுகிறது, ஒவ்வொரு அறையும் சுமார் 14 ஆங்ஸ்ட்ராம் அகலம். 1969-இல் அமைப்பைத் தீர்த்தபோது அந்த அறைகள் காலியாக இல்லை, வேறு வலைகள் ஊடே புகுந்து அடைத்திருந்தன. 1991-இல் வூஸ்ட் குழு நான்கு திசையிலும் கைநீட்டும் மூலக்கூறுகளால் பெரிய அறைகள் கொண்ட வலையைக் கட்டிக் காட்டியது. பிறகும் கரைப்பானை எடுத்தால் நிற்குமா என்ற கேள்வி நெடுநாள் இழுத்தது. 2011-இல் பாங்லின் சென் குழுவின் எச்ஓஎஃப்-1 காய்ந்த பிறகும் துளையோடு நின்று அசெட்டிலீனை எத்திலீனிலிருந்து பிரித்ததும்தான் பலருக்கு நம்பிக்கை வந்தது.

இனி உங்கள் மூலக்கூறு. பைரீன் தட்டை. அதன் அடுக்குகள் பை-பை ஈர்ப்பால் (தட்டையான அரோமாட்டிக் வளையங்களுக்கிடையே உள்ள ஈர்ப்பு) ஒன்றன்மேல் ஒன்று இறுகுகின்றன, அதனால் அமில ஜோடிகள் தனியாகச் சுமை தாங்க வேண்டியதில்லை. டெட்ராஃபெனில்எத்திலீனின் வளையங்கள் காற்றாடி இறக்கை மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்பவை. அடுக்குகள் அவ்வளவு நெருங்காது, வளையம் திரும்பவும் இடமுண்டு. கரைப்பான் வெளியேறும்போது சட்டகம் மடங்குவதற்கு அது போதும்.

அடுத்து உலர்த்திய விதம். டிஎம்எஃப் 153 டிகிரியில்தான் கொதிக்கும், அதன் பரப்பு இழுவிசையும் அதிகம். துளைக்குள்ளிருந்து நேரடியாக அதை உறிஞ்சினால் சுவர்களையும் உள்ளே இழுத்துக்கொண்டுதான் வெளியே வரும். முதலில் படிகம் கரையாத, எளிதில் ஆவியாகும் கரைப்பானுக்கு மாற்றுங்கள். ஹெக்சேன் டிஎம்எஃப்-உடன் சரியாகக் கலக்காது, அதனால் நடுவில் அசிட்டோன் போல ஒன்று வேண்டும். கடைசியில் அறை வெப்பத்திலேயே மென்மையான வெற்றிடம். அதுவும் தாங்கவில்லையென்றால் மீயுய்நிலைக் கார்பன் டைஆக்சைடு: 31 டிகிரி, 74 பார் தாண்டினால் திரவ-வாயு எல்லையே இல்லை, ஆகவே இழுவிசையும் இல்லை. ஒவ்வொரு படியிலும் பவுடர் எக்ஸ்ஆர்டி எடுங்கள், எந்த இடத்தில் சரிகிறது என்று தெரிந்துவிடும்.

ஒரே ஒரு சந்தேகம். ஸ்குவீஸ் போடுவதற்கு முந்தைய எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தைத் திறந்து, ஒவ்வொரு ஓ-எச்-சும் எதைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். நான்கு கையும் அமிலத்தோடுதான் ஜோடி சேர்ந்திருக்கின்றனவா?

நுண்துளை:
பார்த்தேன் சார். இரண்டு கைகள் அமில-அமில ஜோடி. மற்ற இரண்டுக்கும் எதிரே 2.6 ஆங்ஸ்ட்ராமில் ஓர் ஆக்சிஜன், அதை ஒட்டி டிஎம்எஃப் வடிவத்தில் அடர்த்தி தெரிகிறது. அப்படியானால் டிஎம்எஃப் துளையில் தங்கிய விருந்தாளி இல்லையா?

சட்டகன்:
இல்லை, சட்டகத்தின் உறுப்பே அதுதான். அதைப் பிடுங்கினால் பாதிக் கைகளுக்குப் பிடிமானம் கிடையாது, மென்மையாக உலர்த்தினாலும் இந்தப் படிகம் நிற்காது. மூலக்கூறைக் குறை சொல்லாதீர்கள், கரைப்பானை மாற்றுங்கள். டிஎம்எஃப்-இன் கார்பனைல் ஹைட்ரஜன் பிணைப்புக்கு அலையும் ஆள், அமிலத்தின் ஜோடியைத் தட்டிப் பறிக்கும். ஹிசாகி குழு கார்பாக்சிலிக் அமிலச் சட்டகங்களுக்கு மெத்தில் பென்சோயேட், டிரைகுளோரோபென்சீன் போன்ற உயர் கொதிநிலை அரோமாட்டிக் கரைப்பான்களைச் சூட்டில் வைத்துப் பயன்படுத்துகிறது. டிரைகுளோரோபென்சீன் அமிலத்தோடு போட்டி போடாது, ஆனால் துளையை நிரப்பி வலை ஊடுருவாமல் காக்கும். கரையவில்லையென்றால் சொட்டு டிஎம்எஃப் சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

சரிந்துபோன பவுடரைக் கொட்டிவிடாதீர்கள். மூலக்கூறு அப்படியே இருக்கிறது, திரும்பக் கரைத்து வளர்க்கலாம். எம்ஓஎஃப்-இல் இவ்வளவு எளிதாக நடக்காத விஷயம் இது.

ஆய்வகவாசி:
வளர்ந்ததும் ஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) ஒன்று எடுங்கள். அமில ஜோடியின் கார்பனைல் 1690 செ.மீ⁻¹-ஐ ஒட்டி வரும். டிஎம்எஃப் இன்னும் ஒட்டியிருந்தால் 1660-ஐ ஒட்டி இன்னொன்று எட்டிப் பார்க்கும். உலர்த்தும்போது அது குறைகிறதா என்று தொடர்ந்து பார்க்க இதுவே மலிவான வழி.

நுண்துளை:
டிரைகுளோரோபென்சீன் அலமாரியிலேயே இருக்கிறது. இன்று மாலையே சிறு குப்பிகளில் வெவ்வேறு விகிதத்தில் வைக்கிறேன். ஈரப் படிகத்தின் எக்ஸ்ஆர்டி கைக்கு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.