ஐடில் கரண்டுக்கு என்ன சொல்? ‘விழிப்போட்டம்’ என்பேன்

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆம்பிளிஃபயரில் பாட்டு இல்லாத நேரத்திலும் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் வழியே ஓடிக்கொண்டிருக்கும் சிறு கரண்டுதான் ஐடில் கரண்டு. அதற்கு ‘ஓய்வு மின்னோட்டம்’ என்று பெயர் வைக்கலாம் என ஒரு மடல் வந்திருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் போன வாரம் என் பட்டறை மேசைக்கே வந்தது.

மேலூர்ப் பக்கத்து மைக்செட்காரர் ஒருவருடைய ஆம்பிளிஃபயர். “அண்ணே, சத்தத்தக் கூட்டி வச்சா நல்லாப் பாடுது, கொறச்சாத் தொண்டை கட்டிக்கிருது” என்றார். கோளாறை இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. கரண்டு வரும் வழியில் 100 வாட் பல்பைத் தொடராக (சீரிஸ்) போட்டு ஆன் செய்தேன். பல்பு ஒருமுறை மின்னி அணைந்தது. அப்படியென்றால் ஷார்ட் இல்லை. ஸ்பீக்கர் முனையில் டிசியும் இல்லை. அவுட்புட் டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் உள்ள 0.22 ஓம் ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டரை வைத்தால் சுத்தமாகப் பூஜ்யம். முன்பு யாரோ அவுட்புட் டிரான்சிஸ்டரை மாற்றியிருக்கிறார். அது மறுபடி வெந்துவிடக் கூடாதென்று பயஸ் பிரிசெட்டை, அதாவது டிரான்சிஸ்டரை விழிக்க வைக்கும் சிறு வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகை, அடிவரை இறக்கி வைத்துவிட்டார். இரண்டு டிரான்சிஸ்டர்களும் தூங்கிக்கொண்டிருந்தன.

இந்தச் சர்க்யூட்டில் ஒன்று அலையின் மேல்பாதியைச் சுமக்கிறது, மற்றது கீழ்ப்பாதியை. மரம் அறுக்கும் பெரிய வாளை இரண்டு பேர் மாறி மாறி இழுப்பது போலத்தான். ஒருவர் இழுத்து முடிக்கும் கணத்தில் மற்றவர் பிடி தளர்ந்திருந்தால் வாள் திக்கி நிற்கும். சிலிக்கான் டிரான்சிஸ்டர் அதன் பேஸ் காலுக்கும் எமிட்டர் காலுக்கும் நடுவே ஏறக்குறைய 0.6 வோல்ட் வராமல் கண் திறக்காது. அதுவரை இரண்டுமே வேலை செய்யாததால், அலை பூஜ்யத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு காணாமல் போகிறது. சத்தம் பெரிதாக இருந்தால் அந்தத் துண்டு காதுக்குத் தெரியாது. சத்தம் குறையக் குறைய அதுவே பெரிய பங்காகிவிடும்.

பிரிசெட்டின் தடமும் தேய்ந்திருந்ததால் புதிது போட்டேன். பல்பை எடுத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 6.6 மில்லி வோல்ட்டில் நிறுத்தினேன். கணக்குப்படி 30 மில்லி ஆம்பியர். கால் மணி நேரத்தில் அது தானாக ஏறிக்கொண்டே போனது. பயஸைப் பார்த்துக்கொள்ளும் சிறு டிரான்சிஸ்டர், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கில் ஒட்டாமல் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. சூடு ஒரு டிகிரி கூடினால் கண் திறக்கத் தேவையான வோல்ட் சுமார் 2 மில்லி வோல்ட் குறையும். அதைப் பார்த்துப் பயஸைக் குறைக்க வேண்டியதே அந்த டிரான்சிஸ்டர்தான். பேஸ்ட் தடவி, மைக்கா வைத்து முடுக்கிய பிறகு மீட்டர் நிலையாக நின்றது, தொண்டையும் திறந்தது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘ஓய்வு’ என்றால் ஓய்ந்திருப்பது. ஓய்ந்திருப்பது சிக்னல், டிரான்சிஸ்டர் அல்ல. ஆங்கிலப் பெயர் சிக்னலின் அமைதியைப் பார்த்து வைத்தது, அதை நாமும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ரிப்பேர் கற்கும் பையனிடம் “ஓய்வு மின்னோட்டம் பூஜ்யம்” என்று சொன்னால் அது நல்ல செய்தி என்றுதான் நினைப்பான். ‘காத்திருப்பு மின்னோட்டம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது ரிமோட்டில் அணைத்த டிவி இழுக்கும் கரண்டோடு குழம்பும். ‘சார்பு மின்னோட்டமும்’ ஒத்துவராது. பாடநூலில் சார்பு என்பது பயஸ். பேஸுக்குப் போகும் கரண்டு வேறு, நாம் பேசும் இந்தக் கரண்டு வேறு. கணக்குப் பாடத்தில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது.

ஆகவே ‘விழிப்பு மின்னோட்டம்’, பேச்சுக்குச் சுருக்கமாக ‘விழிப்போட்டம்’. அது இல்லையென்றால் டிரான்சிஸ்டர் தூங்கும், மிஞ்சினால் சுடும். “விழிப்போட்டத்தைக் கொஞ்சம் ஏத்து”, “விழிப்போட்டம் நிக்க மாட்டேங்குது” என்று பட்டறையில் சொல்லிப் பார்த்தேன், நாக்கில் தடையில்லாமல் வருகிறது. ‘விழிப்பு’ கவிதைச் சொல் போலிருக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். இராக்காவல் இருப்பவரைப் பற்றி நாம் தினமும் சொல்லும் சொல்தானே அது?

அடுத்து, அந்தத் தொண்டைக்கட்டுக்கு (ஆங்கிலத்தில் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன்) ஒரு சொல் வேண்டும். ‘கைமாற்றத் திரிபு’ என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். ‘கடப்புத் திரிபு’ மேலா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.