துபாயில் இருக்கும் தம்பியுடன் முகம் பார்த்துப் பேசுவது எப்படி?

கேள்வி (செங்கோட்டை): துபாயில் வேலை செய்யும் என் தம்பியை வாட்ஸ்அப்பில் வீடியோ காலில் அழைத்தால் இணைப்பு நிலைப்பதே இல்லை, அவன் அனுப்பும் குரல்பதிவுகள் மட்டும் ஒழுங்காக வருகின்றன. பேரன் முகத்தைப் பார்க்க அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டே காத்திருக்கிறார். வழி உண்டா?

பதில் (ஆரியங்காவு): கோளாறு உங்கள் போனில் இல்லை, அண்ணா. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்திகளுக்குத் தடையில்லை, அழைப்புகளுக்குத்தான் தடை. ஆகவே அங்கே அனுமதி பெற்ற போட்டிம் செயலியை இருவரும் நிறுவிக்கொள்ளுங்கள். இந்தத் தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் செயலியைப் போடச் சொல்லித் தம்பியைச் சிக்கலில் மாட்டிவிட வேண்டாம்.

பதில் (புளியரை): நமக்கு இரவு 9 மணி என்றால் அங்கே 7:30தான், அவர் வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய பிறகு அழையுங்கள்.

கேட்டவர்: நேற்றிரவு கிடைத்தது. அம்மா திரையிலேயே பேரனின் கன்னத்தைத் தடவினார். இருவருக்கும் நன்றி.