பல்லில் சீழ்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் யாரிடம் பிடுங்குவது?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ், கன்னம் வீங்கியிருக்கிறது. இங்கே பல் டாக்டர் யாரையும் தெரியாது. ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) போகலாமா? ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாடிக் போதுமா? வீக்கம் வடிந்த பிறகுதான் பிடுங்க வேண்டும் என்கிறார்களே?

பதில் 1: முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாயை இரண்டு விரல் அகலத்துக்குத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்குக்கு அடியில் மேடுதட்டிவிட்டது, வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவுகிறது என்றால் பல் டாக்டரைத் தேடவே வேண்டாம், நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவு (ஏ அண்ட் இ). மூச்சு திணறினால் 999-க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

அப்படி எதுவும் இல்லையா? ஜிபி பல் வேலை செய்யமாட்டார், அலைச்சல்தான் மிச்சம். காலையில் பல் கிளினிக் திறந்ததும் போன் போட்டு, "சீழ், வீக்கம், என்.எச்.எஸ் அவசர அப்பாயின்ட்மென்ட் வேண்டும்" என்று கேளுங்கள் (என்.எச்.எஸ் என்பது இங்குள்ள அரசு மருத்துவச் சேவை). ஜிபி மாதிரி உங்கள் தெருவுக்கு இன்ன கிளினிக் என்ற எல்லை பல்லுக்குக் கிடையாது. பக்கத்து ஊரிலும் கேட்கலாம். எங்குமே இடமில்லை என்றால் என்.எச்.எஸ் உதவி எண் 111-க்குப் போன் போடுங்கள்.

விசாவுக்குக் கட்டிய ஹெல்த் சர்சார்ஜ் பல் கட்டணத்துக்கு உதவாது. 2025 ஏப்ரல் நிலவரப்படி இங்கிலாந்தில் அவசர சிகிச்சை 27.40 பவுண்டு, பல் பிடுங்குவதும் அதற்குள் அடங்கும். அதே பல்லைச் சாதாரண அப்பாயின்ட்மென்ட்டில் பிடுங்கினால் 75.30. கர்ப்பிணிகளுக்கும், பிரசவமாகி 12 மாதம் ஆகாத தாய்மாருக்கும் சான்றிதழ் இருந்தால் இலவசம். வருமானம் குறைந்த மாணவர்கள் கட்டண உதவி கேட்கும் எச்.சி.1 படிவம் போட்டுப் பார்க்கலாம். தகுதி இல்லாமல் இலவசம் என்று டிக் அடித்தால் 100 பவுண்டு வரை அபராதம்.

இனி ஆன்டிபயாடிக். பல்லுக்குள் நரம்பு செத்துவிட்டது என்றால் அங்கே ரத்த ஓட்டமும் இல்லை. விழுங்கிய மருந்து அதற்குள் எப்படிப் போகும்? சுற்றியுள்ள வீக்கம் தணியும், சீழின் ஊற்று பல்லுக்குள் அப்படியே இருக்கும், சில வாரத்தில் திரும்ப வீங்கும். காய்ச்சல் இருந்தாலோ வீக்கம் பரவினாலோதான் டாக்டர் எழுதுவார், பெரும்பாலும் அமாக்சிசிலின் அல்லது மெட்ரோனிடசோல். பெட்டியில் கிடக்கும் பாதி அட்டையைத் தொடாதீர்கள்.

வீக்கம் வடியக் காத்திருப்பது பழைய நம்பிக்கை. சீழ் வெளியேறுவதே வைத்தியம். சீழ் உள்ள இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் பக்கத்தில் போடும் மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காது என்பது உண்மைதான். அதற்காகவே கீழ்த்தாடைக்கு நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்தில், தள்ளிப் போடுவார்கள்.

பதில் 2: யார் பிடுங்குவது என்பதைப் பட்டத்தையோ கட்டணத்தையோ வைத்து முடிவு செய்யாதீர்கள், எக்ஸ்ரேயை வைத்து முடிவு செய்யுங்கள். வேர் நேராக இருந்து, மேலே பிடிக்கப் பல் மிச்சமிருந்தால் சாதாரண பல் டாக்டரே போதும். கீழ் ஞானப் பல்லின் வேர், தாடைக்குள் நரம்பு ஓடும் குழாயோடு ஒட்டியிருந்தால் கதை வேறு: எக்ஸ்ரேயில் குழாயின் வெள்ளைக் கோடு வேருக்கு மேல் அறுந்து தெரியும், அந்த இடத்தில் வேர் கறுத்துத் தெரியும். அப்போது ஓரல் சர்ஜனுக்கு (வாய் அறுவை சிகிச்சை டாக்டருக்கு) ரெஃபரல், அதாவது பரிந்துரைக் கடிதம், கேளுங்கள். நரம்பில் பட்டால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். வளைந்த வேர், ரூட் கெனால் செய்து நொறுங்கும் பல், தாடையில் கதிரியக்க சிகிச்சை எடுத்தவர், இவர்களுக்கும் அதே யோசனை. எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனிக் ஆசிட் சாப்பிடுபவருக்குப் பெரும்பாலும் சாதாரண கிளினிக்கே போதும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் தானாக நிறுத்தக் கூடாது, ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) 4-க்குக் கீழே இருந்தால் பொதுவாகச் சாதாரண கிளினிக்கிலேயே பிடுங்கலாம்.

ரெஃபரலுக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கூட ஆகும். அதுவரை சீழோடு இருக்க வேண்டியதில்லை. பல்லைத் துளைத்தோ ஈறைக் கீறியோ வடித்துவிடச் சொல்லுங்கள், அதை எந்தப் பல் டாக்டரும் செய்வார். பிரைவேட்டாகப் போனால் பல் டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் டென்டல் கவுன்சில் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். ஓரல் சர்ஜரி நிபுணர் என்றால் அதிலேயே இருக்கும். பிறகு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்க ஊருக்குப் போவது செலவுக் கணக்குப்படி நியாயம், சீழோடு விமானம் ஏறுவது நியாயமில்லை.

பதில் 3: வலிக்கு, வேறு நோய் இல்லாத பெரியவர் பாராசிட்டமால் 1 கிராம், 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் போகாமல், சாப்பிட்ட பின் இபுப்ரோஃபென் 400 மி.கி. மூன்று வேளை. அல்சர், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், வார்ஃபரின் இருந்தால் இபுப்ரோஃபென் வேண்டாம். கன்னத்தில் சுடுஒத்தடமும், ஈறில் ஆஸ்பிரின் வைப்பதும் கூடாது. பின்னது ஈறைப் புண்ணாக்கும்.

பிடுங்கிய பின் பஞ்சை 20 முதல் 30 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் கடித்திருங்கள். முதல் 24 மணி நேரம் கொப்பளிப்பு, ஸ்ட்ரா, சிகரெட் வேண்டாம். உறைந்த ரத்தக்கட்டி கழன்றால் எலும்பு திறந்துவிடும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். மூன்றாம் நாள் வலி குறையாமல் காதுவரை ஏறி, வாய் நாறினால் பல் இருந்த குழி வறண்டிருக்கிறது. பிடுங்கிய கிளினிக்குக்கே போனால் கழுவி மருந்து வைப்பார்கள். மேல் கடைவாய்ப் பல் என்றால், மூக்கோடு சேர்ந்த சைனஸ் என்ற காற்றறை பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் குடிக்கும்போது மூக்கில் வந்தால் மூக்கைச் சீந்தாமல் அன்றே போன் செய்யுங்கள்.