ஏ40 காரின் பச்சை லைட்

தம்பி: மாமா, உங்களிடம்தான் கேட்கவேண்டும். அப்பாவின் பழைய ஒஸ்ரின் ஏ40 காருக்கு, றேடியேற்றரைக் குளிரவைக்க எலக்ட்ரிக் ஃபான் போட்டபோது, அது ஓடுவதைக் காட்ட டாஷ்போர்டில் ஒரு பச்சை லைட்டும் வைத்தோம் அல்லவா? நேற்றுப் பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்தேன், சத்திரச் சந்தியில் ஒரு வாகனமும் நகரவில்லை, பச்சை லைட் பளிச்சென்று எரிகிறது, நானும் ஃபான் ஓடுகிறது என்று நம்பி இருந்துவிட்டேன். பொனற் இடுக்கால் ஆவி வந்த பிறகுதான் இறங்கிப் பார்த்தேன். ஃபான் அசையவே இல்லை.

அக்கா: ஐயோ, மாப்பிள்ளை?

தம்பி: ஓட்டோ பிடித்து அனுப்பிவிட்டேன். முகூர்த்தம் தப்பவில்லை.

கோண்டாவில் மாமா: சூட்டோடு றேடியேற்றர் மூடியைத் திறந்தாயா?

தம்பி: இல்லை மாமா. முக்கால் மணித்தியாலம் ஆறவிட்டு, சாக்கைப் போட்டுத்தான் திறந்தேன்.

கோண்டாவில் மாமா: நல்லது. லைட்டின் வயர் எங்கே பிடித்திருக்கிறது?

தம்பி: ஃபானுக்குக் கரண்டைத் திறந்து மூடும் ரிலே சுவிட்சின் 86ஆம் காலில். சூட்டுச் சுவிட்சிலிருந்து வரும் வயரோடு சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. கராஜில் அப்படித்தான் செய்து தந்தார்கள்.

கோண்டாவில் மாமா: அதுதான் பிழை. 85, 86 இரண்டும் ரிலேக்குள் இருக்கும் சுருளுக்குப் போகிறவை. தண்ணீர் சூடானதும் சுவிட்ச் அந்தச் சுருளுக்குக் கரண்ட் கொடுக்கும், உன் லைட்டும் அதோடு எரியும். ஆனால் ஃபானுக்குக் கரண்ட் போவது 30இலிருந்து 87க்கு, வேறு பாதை. அங்கே உள்ள முனை கருகியிருந்தால் ஃபானுக்கு ஒன்றும் போகாது, லைட்டோ எரிந்துகொண்டே இருக்கும். "ஃபானை ஓடச் சொல்லிவிட்டேன்" என்பதைத்தான் அது காட்டியது, ஓடியதை அல்ல. ரிலேயின் மூடியை மெல்லக் கழற்றிப் படம் அனுப்பு.

தம்பி: (படம்) நீங்கள் சொன்னபடியே, ஒரு முனை கரிக்கட்டி மாதிரி, நடுவில் ஊசியால் குத்தியது போலப் பள்ளமும் இருக்கிறது.

கோண்டாவில் மாமா: ஓம், அது போய்விட்டது. 30 அம்பியர் ரிலே புதிதாக ஒன்று வாங்கு. இனி லைட்டின் வயரை 87இலிருந்து, முடிந்தால் இன்னும் தள்ளி ஃபானின் பிளக் அடியிலிருந்து எடு. எடுக்கும் இடத்திலேயே 1 அம்பியர் பியூஸ் ஒன்று போட வேண்டும், ஏனென்றால் அந்த மெல்லிய வயர் எங்காவது தகரத்தில் உரசினால் பெரிய பியூஸ் எரியும் முன்னே வயர் எரிந்துவிடும். உள்ளே கொண்டுபோகும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் கட்டாயம். வேலை தொடங்க முன்னம் பற்றரியைக் கழற்று, இல்லையென்றால் ஃபான் தன்பாட்டில் கிளம்பி விரலை எடுத்துவிடும்.

தம்பி: பழைய லைட் குமிழ் பல்ப். எல்ஈடி போடலாமா?

கோண்டாவில் மாமா: போடு. அதற்கு முதல் ஒன்று பார். ஏ40 கொம்பனியில் வரும்போது பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் பக்கம்தான் காரின் பொடித் தகரத்தில் பூட்டியிருக்கும். அப்பா மாற்றினாரோ தெரியாது. பற்றரியின் எந்தக் கம்பம் பொடியில் பூட்டியிருக்கிறது?

தம்பி: தடித்த கம்பம்.

கோண்டாவில் மாமா: தடித்தது பொசிற்றிவ். அப்படியென்றால் இன்னும் மாற்றவில்லை. எல்ஈடியின் நீளக் கால் பொடிக்கு, குட்டைக் கால், கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் வழியாக ஃபான் வயருக்கு. மற்றக் கார்களுக்கு நேர் எதிர். ஃபானின் இரண்டு வயரையும் இப்போது இருக்கிறபடியே பூட்டு, மாற்றிப் பூட்டினால் எதிர்ப்பக்கம் சுற்றிக் காற்றை வெளியே தள்ளும்.

கனடா சித்தப்பா: ரெசிஸ்டர் 680 ஓம் போதும்தானே?

கோண்டாவில் மாமா: எரியும். ஆனால் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேலே போகும், எல்ஈடி 2 வோல்ட்டை எடுக்க மிச்சம் 12 சொச்சம் ரெசிஸ்டரில் விழும், கால் வாட் ரெசிஸ்டர் கைசுடும் அளவுக்குச் சூடாகும். 1 கிலோ ஓம் போட்டால் 12 மில்லி அம்பியர் அளவில் நிற்கும். அந்த வெளிச்சம் பகலிலும் தெரியும்.

கனடா சித்தப்பா: 87இல் எடுத்தாலும் மோட்டாருக்குள் கரண்டைக் கொண்டுபோகும் கரி (பிரஷ்) தேய்ந்து நின்றுவிட்டால் லைட் எரியும்தானே அண்ணா? ஃபான் வயரை, காந்தம் பட்டால் மூடும் ஒரு சின்ன ரீட் சுவிட்சைச் சுற்றி நாலைந்து சுற்று சுற்றினால், கரண்ட் உண்மையாகப் பாயும்போது மட்டும்தான் அது மூடும். லைட்டை அதன் வழியாகக் கொடுக்கலாம்.

கோண்டாவில் மாமா: மெத்தச் சரி. ஆனால் முதலில் இது ஓடட்டும், அதைப் பிறகு செய்வோம். தம்பி, இன்னொன்று. அந்த டைனமோ 20 அம்பியர் அளவில்தான் தரும், எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதுவும் இல்லை. ஃபான் மட்டும் 10 இழுக்கும். இரவில் ஹெட்லைட்டும் போட்டு நிற்கும்போது பச்சை எரிந்தால் பற்றரி தேய்கிறது என்று எடுத்துக்கொள்.

அக்கா: எங்கள் ஜப்பான் காருக்கும் இப்படிப் போடலாமா?

கோண்டாவில் மாமா: போடலாம் பிள்ளை, ஆனால் ரிலேயைப் பார்க்காமல் வயரில் கை வைக்க விடாதே. சில கார்களில் சூட்டுச் சுவிட்சின் பிளக்கைக் கழற்றினாலே ஃபான் ஓடத் தொடங்கும். இதே வழி அங்கே பொருந்தாது.

(மறுநாள்)

தம்பி: மாமா, பூட்டிவிட்டேன். வீட்டு வாசலில் ஓடவிட்டேன், ஃபான் சத்தம் கேட்ட அதே நொடியில் பச்சையும் வந்தது. ஆனால் பலாலி வீதியில் அறுபதில் போகும்போது, ஃபான் ஓடத் தேவையில்லாத நேரத்திலும் லைட் மினுமினுவென்று மங்கலாக எரிகிறது. மெதுவாக்கினால் அணைகிறது. ரிலே ஒட்டிவிட்டதா?

கோண்டாவில் மாமா: இல்லை. எதிர்காற்று ஃபானைச் சுற்றுகிறது, சுற்றும் மோட்டார் கொஞ்சம் கரண்டும் தரும், டைனமோ மாதிரி. அந்த இரண்டு மூன்று வோல்ட் எல்ஈடிக்குப் போதும், குமிழ் பல்ப் என்றால் தெரிந்திருக்காது. மினுங்குகிறது என்றால் மோட்டாரின் கரியும் வயரும் நல்லாக இருக்கிறது. விட்டுவிடு.

அம்மா: அப்ப ஞாயிற்றுக்கிழமை சந்நிதிக் கோவிலுக்குப் போகலாமா?

தம்பி: போகலாம் அம்மா. றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாமல் பற்றரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) வாங்கவேண்டும், கேத்திலில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு உள்ளேயும் படிந்திருக்கிறது.

கோண்டாவில் மாமா: நாலு போத்தல் வாங்கு. நான் சனி பின்னேரம் வந்து கழுவித் தருகிறேன்.