ஹைலைட் ரெக்கவரி: மீட்பு வேறு, இட்டுநிரப்பல் வேறு

வணக்கம் ஐயா. படத்தின் மிக வெளிச்சமான பகுதியில் மறைந்த விவரத்தை மென்பொருளில் திரும்பக் கொண்டுவரும் ‘ஹைலைட் ரெக்கவரி’க்கு நீங்கள் வைத்த ‘மிகையொளி மீட்பு’ என்ற சொல் காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலைகள் சிக்கிக்கொள்கின்றன.

வெயிலில் நிற்கும் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேபெக்கில் வேட்டி முழுக்க 255 (வெளிச்சத்துக்கு அங்கே உச்ச எண்), மடிப்பே தெரியாது. மென்பொருளின் ஹைலைட் ஸ்லைடரை -100 வரை இழுத்தாலும் வெள்ளை சாம்பலாகுமே தவிர மடிப்பு வராது. அதே படத்தின் சென்சார் (கேமராவில் ஒளியைப் பதியும் சில்லு) பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் எண்கள் சென்சாரின் உச்சத்துக்குக் கீழே நின்றிருந்தால், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, இறக்கியதுமே மடிப்பும் கரையோரச் சரிகையும் தெரிந்துவிடும். உள்ளே இருந்ததைத்தான் வெளியே எடுக்கிறோம். இது மீட்பு.

பகல் வெளிச்சத்தில், சென்சார் பதியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் பெரும்பாலும் பச்சைதான் முதலில் உச்சம் தொடும். வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறங்களைச் சமன்செய்யும் வொயிட் பேலன்ஸ் சிவப்பையும் நீலத்தையும் பெருக்கும். பச்சையோ ஏறமுடியாமல் நிற்கும். வெள்ளை வேட்டியில் ரோஸ் திட்டு விழுவது இதனால்தான். அங்கே மென்பொருள் தப்பிய இரு நிறங்களை வைத்துப் பச்சையை ஊகிக்கிறது. மூன்றுமே போயிருந்தால் அக்கம்பக்கத்து நிறத்தை இழுத்துப் பூசுகிறது. டார்க்டேபிள் என்ற ரா மென்பொருளில் இதற்கு ‘ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்றே தனிப்பெயர் உண்டு. இதையும் மீட்பு என்றால் புதிதாகக் கற்பவர், ஊகித்துப் போட்டதை உண்மையான விவரம் என்று நம்பிவிடுவார். ‘இட்டுநிரப்பல்’ என்போம். விவரம் போய் வெறும் வெள்ளையாவதற்கு ‘வெளிறல்’ பொருந்துமா?

*

மீட்பு, இட்டுநிரப்பல் என்ற பிரிவினை சரி. ‘மிகையொளி’யையும் விட்டுவிடுகிறேன், சரியாக எடுத்த படத்திலும் ஹைலைட் உண்டு, அதற்கு ‘ஒளிர்பகுதி’ போதும். ‘வெளிறல்’ வேண்டாம் தம்பி. பழைய பிரிண்ட் சாயம் மங்குவதை அப்படித்தான் சொல்கிறோம். ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டி நிற்கிறதல்லவா? ‘உச்சமுட்டல்’ என்று வைக்கலாம். ‘ஜேபெக் முட்டியது, ரா முட்டவில்லை’ என்று பேச்சிலும் வரும். கேமராத் திரையின் ஹிஸ்டோகிராம் பெரும்பாலும் ஜேபெக்கை வைத்தே வரையப்படுவதால் இந்த வேறுபாடு அடிக்கடி தேவைப்படும்.

இன்னொன்று. குத்துவிளக்கின் சுடரும் மூக்குத்தியின் மினுக்கும் முட்டியே இருக்கட்டும். இறக்கினால் சுடர் செத்து, கல் கண்ணாடித்துண்டுபோல் ஆகிவிடும். மூக்குத்தியில் பட்டுத் தெறிக்கும் மினுக்குக்கு ‘தெறிப்பொளி’ என்று தனிச்சொல் வைக்கலாமா?