‘வீழ்ச்சி’ பொருந்தாது, ‘சுமைத்தணிவு’ எப்படி?

அன்புள்ள அனைவருக்கும்,

ஓவர்குளொக் செய்த, அதாவது வகுத்த வேகத்துக்கு மேலே ஓடவிட்ட, கணினிச் செயலிக்கு (CPU) வேலை ஏறும்போது வோல்ற்றளவு இறங்குவதற்குத் தமிழில் என்ன சொல் என்ற நம் உரையாடலில், ‘வோல்ற்றளவு வீழ்ச்சி’ போதும் என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கிளிநொச்சியில் எங்கள் கடைக்கு ஒரு தம்பி கணினி கொண்டுவந்தார். பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) வைத்தது 1.30 வோல்ற்று, சுமை ஏற்றியதும் 1.20. “வோல்ற்றளவு விழுகிறது” என்று நான் சொன்னதுதான் தாமதம், தாய்ப்பலகை பழுது என்றே முடிவுகட்டிவிட்டார். பழுதே இல்லை. இறக்கத்தை 1 மில்லி ஓம், அதாவது ஓர் அம்பியருக்கு ஒரு மில்லிவோல்ற்று, என்று வகுத்த பலகையில் 100 அம்பியர் ஓடினால் 0.1 வோல்ற்று இறங்கத்தான் வேண்டும். வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்த இறக்கம் அது.

வீழ்ச்சிக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. வயற்கிணற்றில் மோட்டரைப் போட்டதும் நீண்ட வயரின் கடைசியில் பல்ப் மங்குகிறதே, அதுதான் வீழ்ச்சி. வயரின் தடையால் நேர்வது, யாரும் விரும்பி வைத்ததல்ல.

இதே உரையாடலில் தங்கச்சி சொன்ன ‘தொய்வு’ அழகான சொல். ஆனால் எங்கள் பக்கம் தொய்வு என்றால் இழுப்பு நோய் (ஆஸ்துமா).

நான் முன்வைப்பது ‘சுமைத்தணிவு’. வன்னியில் தணிஞ்ச கொப்பு (தாழ்ந்து நிற்கும் கிளை) என்றால் சிறுபிள்ளைக்கும் விளங்கும். பாலைப்பழம் பறிக்கக் கொப்பைத் தணித்துப் பிடித்துவிட்டுக் கையை விடுங்கள். அது பழைய இடத்தில் உடனே நிற்காது. அதற்கும் மேலே எகிறி, ஆடிவிட்டுத்தான் நிலைக்கு வரும். செயலியிலும் இதே கதைதான். வேலை சட்டென்று குறைந்ததும் வோல்ற்றளவு ஒரு கணம் மேலே பாயும். முன்பே தணிந்து நின்றிருந்தால் அந்தப் பாய்ச்சல் எல்லைக்குள் அடங்கும். தணிவை முழுதாக இல்லாமல் செய்தால் 1.30ஐத் தாண்டும். கணினித் திரையில் ஓடும் அளவீட்டு மென்பொருள் அதைப் பிடிக்காது, அவ்வளவு குறுகிய நேரம், மின்னலைகளை வரைந்து காட்டும் அலைவுகாட்டியில்தான் (oscilloscope) தெரியும். அந்தத் தம்பி பிறகு பயோஸில் இந்தத் தணிவைக் குறைக்கும் திருத்தத்தைக் கடைசிப் படிவரை ஏற்றிவிட்டார். நான் சரியான சொல்லைச் சொல்லியிருந்தால் அதைத் தொட்டிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

சொல் கிளைக்கவும் செய்கிறது. மின்னோட்டம் கூடக்கூட வோல்ற்றளவு இறங்கும் வரைபு ‘தணிவுக்கோடு’. அதன் சரிவைக் குறைக்கும் பயோஸ் அமைப்பு ‘தணிவுத் திருத்தம்’. மேலே பாய்வதற்கு ‘எகிறல்’ என்று வைத்திருக்கிறேன். அது மிகவும் பேச்சுவழக்காகப் படுகிறது என்றால் வேறு தாருங்கள், மாற்றிக்கொள்ளலாம். தணிவை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.